கலைச்சொல்: காலநிலை அறிவியலை ஏற்காத அரசியலாளர் ஐயவாதியா, மறுப்பாளரா, மறுதலிப்பாளரா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். 'கிளைமேட் டினையர்' என்பதற்குத் தமிழ் கேட்டுக் கடலூர் நண்பர் எழுதிய மடலுக்கு இதுவரை சந்தேகவாதி, ஐயவாதி, எதிர்ப்பாளர், மறுப்பாளர் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. கோட்டக்குப்பத்து அம்மா நேற்றிரவு 'மறுதலிப்பாளர்' என்று ஐந்தாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார். என் ஓட்டு அதற்குத்தான். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

> ஆங்கிலத்திலேயே 'ஸ்கெப்டிக்' என்றும் எழுதுகிறார்களே, ஐயவாதி போதாதா?

போதாது. ஐயப்படுவது அறிவியலில் குற்றமில்லை, அங்கே வேலையே அதுதான். 2009 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ், இமயத்துப் பனியாறுகள் பற்றி வி.கே. ரெய்னா எழுதிய ஆய்வறிக்கையை வெளியிட்டார். 2035க்குள் அந்தப் பனியாறுகள் இல்லாமல் போகக்கூடும் என்று, காலநிலை மாற்றம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கை சொல்லியிருந்தது. அதை அவர் நம்பவில்லை. ஐ.பி.சி.சி. தலைவர் பச்சௌரிக்குக் கோபம் வந்தது, ரெய்னாவின் அறிக்கையை 'வூடூ அறிவியல்', அதாவது மாந்திரீகம் போன்ற போலி அறிவியல், என்று சாடினார். கடைசியில் 2010 ஜனவரியில் அந்த 2035 என்ற ஆண்டுக்கு ஆதாரம் இல்லை என்று ஐ.பி.சி.சி.யே வருத்தம் தெரிவித்தது. பனியாறுகள் உருகுவது உண்மை, அந்தத் தேதிதான் பிழை. அதே ரமேஷ்தான் 2009 டிசம்பரில், கோபன்ஹேகன் மாநாட்டுக்குச் சில நாள் முன்பு, இந்தியா தன் உமிழ்வுச் செறிவை (பொருளாதார உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் வெளியாகும் கரியமிலவாயு அளவை) 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 20 முதல் 25 விழுக்காடு வரை 2020க்குள் குறைக்கும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தவர். 'ஸ்கெப்டிக்', அதாவது ஐயுறவாளர், என்றால் இப்படிப்பட்டவர். கேள்வி கேட்பார், பதில் வந்தால் எடுத்துக்கொள்வார்.

இதற்குப் பக்கத்தில் ஓக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃபை நிறுத்திப் பாருங்கள். 2015 பிப்ரவரி 26 அன்று ஒரு பிளாஸ்டிக் பையில் பனி உருண்டையை எடுத்துக்கொண்டு அமெரிக்க செனட் அவைக்குள் வந்தார். 2014தான் பதிவிலேயே மிக வெப்பமான ஆண்டு என்கிறார்களே, வெளியே எவ்வளவு குளிர் தெரியுமா என்று கேட்டுவிட்டு, அதை அவையில் வீசியும் காட்டினார். மார்கழி விடியலில் போர்வைக்குள் இருந்துகொண்டு 'அக்னி நட்சத்திரம் எல்லாம் சும்மா' என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அப்போது செனட்டின் சுற்றுச்சூழல் குழுவுக்குத் தலைவரே அவர்தான். இவரையும் 'ஐயவாதி' என்று எழுதினால் ரமேஷை என்ன சொல்லி எழுதுவோம்?

அதோடு, அந்தச் சந்தேகமே சில இடங்களில் திட்டம் போட்டு வளர்க்கப்பட்டது. அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்று ஆலோசனை தந்த பிராங்க் லண்ட்ஸ் 2002இல் எழுதிய குறிப்பு வெளியே வந்துவிட்டது. அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்பதை விவாதத்தின் மையத்திலேயே வைத்திருங்கள், 'புவி வெப்பமாதல்' என்பதைவிடக் 'காலநிலை மாற்றம்' பயமுறுத்தாது, அதையே சொல்லுங்கள் என்பது அறிவுரை. தன் நிலை தவறு என்று 2019இல் அவரே செனட்டர்கள் முன் சொன்னார். நாம் இன்று கூசாமல் எழுதும் 'காலநிலை மாற்றம்' அறிவியலாளரிடமும் இருந்த சொல்தான். ஆனாலும் கலைச்சொல் விஷயத்தில் அரசியல்வாதிகள் நம்மைவிடச் சுறுசுறுப்பு.

'எதிர்ப்பாளர்' சரிவராது. எதை எதிர்க்கிறார் என்பது தெரியவில்லை. காலநிலை மாற்றத்தை எதிர்ப்பவர் என்றால் அது நாம் எல்லோரும்தான்.

'மறுப்பாளர்' பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டும், ஏனென்றால் குழுவில் பாதிப்பேர் அதன் பக்கம். நம் மேடைகளில் மறுப்பு என்பது நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் சொல். கடவுள் மறுப்பாளர் என்கிறோம், சாதி மறுப்புத் திருமணம் என்று அழைப்பிதழிலேயே போடுகிறோம். செய்தித் தலைப்பில் 'காலநிலை மறுப்பாளர்' என்று வந்தால், யாரோ பகுத்தறிவாளர் ஏதோ மூடநம்பிக்கையை உடைக்கிறார் என்று படிப்பவர் நினைத்தாலும் குற்றமில்லை. இன்னொன்று, மறுப்பு என்றால் வாதம் வேண்டும். பரபக்கம் (பிற சமயக் கொள்கைகளை மறுக்கும் நூற்பகுதி) எழுதிய நம் சமயவாதிகள்கூட எதிராளியின் கொள்கையை முழுக்க எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் அதை மறுத்தார்கள். கரியமிலவாயு கூடினால் பூமி சூடாகும் என்று 1896லேயே ஸ்வீடன் அறிவியலாளர் அர்ரேனியஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கில் எந்த வரி தப்பு என்று சொன்னால் அது மறுப்பு. பனி உருண்டையை வீசுவது மறுப்பாகாது.

இப்போது மறுதலிப்பு. பெரிய வெள்ளியன்று கோயிலில் பாடுகளின் வரலாறு வாசிக்கக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டிருந்த பேதுருவிடம், நீயும் அவனோடு இருந்தவன்தானே என்று ஒரு வேலைக்காரப் பெண் கேட்கிறாள். அந்த ஆளை எனக்குத் தெரியாது என்கிறார். தெரியாமல் அல்ல, நன்றாகத் தெரிந்தும் அப்படிச் சொல்கிறார். அதுதான் மறுதலிப்பு. தெரிந்ததைத் தெரியாது என்பது, உள்ளதை இல்லை என்று கைகழுவுவது.

டொனால்ட் டிரம்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். காலநிலை மாற்றத்துக்கு உடனே நடவடிக்கை வேண்டும் என்று 2009 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் தொழிலதிபர்கள் கொடுத்த முழுப்பக்க விளம்பரத்தில் அவர் கையெழுத்தும் அவருடைய பிள்ளைகள் கையெழுத்தும் இருந்தன. 2012இல், புவி வெப்பமாதல் என்பதே சீனர்கள் கட்டிவிட்டது என்று ட்விட்டரில் எழுதினார். அயர்லாந்தில் டூன்பெக் என்ற கடற்கரை ஊரில் அவருக்குக் கோல்ஃப் மைதானம் உண்டு. அங்கே தடுப்புச் சுவர் கட்ட அனுமதி கேட்ட விண்ணப்பத்தில், புவி வெப்பமாதலால் கடலரிப்பு கூடும் என்றும் ஒரு காரணம் காட்டியிருந்தார்கள். 2016இல் அது செய்தியானது. மறு ஆண்டே, உமிழ்வைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். 2025இல் இரண்டாம் முறையும் அதையே செய்தார். இதற்கு ஐயம் என்றும் பெயரில்லை, மறுப்பு என்றும் பெயரில்லை.

> மனத்தில் என்ன இருக்கிறதென்று நமக்கு எப்படித் தெரியும்? உண்மையிலேயே தெரியாதவராக இருந்தால்?

நியாயமான கேள்வி. ஐ.பி.சி.சி. அறிக்கைகளில் கொள்கை வகுப்போருக்கான சுருக்கம் ஒன்று இருக்கும். அரசுகளின் பேராளர்கள் உட்கார்ந்து வரிக்கு வரி ஒப்புக்கொண்ட பிறகே அது வெளியாகும். மனிதச் செயலால்தான் பூமி சூடாகியிருக்கிறது, இதில் ஐயத்துக்கு இடமில்லை என்று 2021இல் வந்த சுருக்கம் சொல்கிறது. ஆக, அரசில் இருப்பவர் தெரியாது என்று சொல்ல வழியில்லை. வேறு யாராவது உண்மையிலேயே தெரியாமல் பேசினால் 'அறியாதவர்' என்று எழுதிவிட்டுப் போகலாம், அதற்குக் கலைச்சொல் எதற்கு?

ஒரு பேச்சை மட்டும் வைத்து யாருக்கும் இந்தப் பட்டம் கட்டவும் கூடாது. 2014 ஆசிரியர் நாளில் மாணவர்களோடு பேசிய பிரதமர் மோடி, காலநிலை மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம், நம் பழக்கங்கள் கெட்டுவிட்டன என்ற பொருளில் சொன்னார். பலர் கிண்டல் செய்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டு பாரிஸ் மாநாட்டில் பன்னாட்டுச் சூரியசக்திக் கூட்டணியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பேச்சு குழப்பமானது, அவ்வளவுதான்.

'மறுதலை' ஏற்கெனவே கணக்குப் பாடத்தில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கட்டும். பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலையையும் அமெரிக்க செனட்டரையும் யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை.

கடைசியாக, நம் பக்கம் யாரை இப்படிச் சொல்வது என்ற கடலூர் நண்பரின் கேள்வி. எனக்குத் தெரிந்து யாருமில்லை. 2011 டிசம்பர் 30இல் 'தானே', 2024 நவம்பர் 30இல் 'ஃபெஞ்சல்' என்று இரண்டு புயலைப் பார்த்த ஊர்களில் மேடையேறி 'எல்லாம் புரளி' என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. இங்கே நடப்பது நேர்த்தலைகீழ். எதையும் காலநிலை தலையில் கட்டிவிடுகிறார்கள். ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்கு முந்தைய உச்சம் 2004இல் பெய்த 21 செ.மீ. எனவே அன்றைக்கு 'வரலாறு காணாத மழை' என்றது பொய்யில்லை. ஆனால் வழக்கமான மழைக்கே ரெயின்போ நகரில் தண்ணீர் நிற்பதற்கும் அதே வசனம் என்றால் எப்படி? புதுச்சேரிக் கடற்கரை மணல் போனதற்கும் காலநிலையையே காரணம் சொல்கிறார்கள். ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகத்திலிருந்து கடலுக்குள் நீளும் கல்கரங்கள் மறித்தன. வடக்கே கரை கரைந்தது. கல்லைக் கொட்டக் கொட்ட அரிப்பு கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மேலே போனது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இரும்புத் திட்டு ஒன்றை இறக்கிய பிறகு அங்கே மணல் திரும்பியிருக்கிறது. கடல் மட்டம் உயர்வது உண்மைதான், ஆனால் அந்த மணலைக் கொண்டுபோனது அது அல்ல. இவர்களுக்கு ஒருவர் 'மழுப்பாளர்' என்ற சொல்லைத் தந்திருக்கிறார். நல்ல சொல். மறுதலிப்பாளரோடு சேர்த்துக் கட்டவேண்டாம், தனி இழையில் பேசுவோம்.

அகராதிக் கோப்புக்கு என் வரைவு: அறிவியல் தரப்பைச் சுட்டவேண்டிய இடத்தில் 'காலநிலை அறிவியல் மறுதலிப்பு' என்று முழுதாக, மற்ற இடங்களில் 'காலநிலை மறுதலிப்பு'. ஆள் என்றால் மறுதலிப்பாளர், ஆண்பால் பெண்பால் இரண்டுக்கும் அதுவே. 'ஸ்கெப்டிக்' தனிப் பதிவாக, ஐயுறவாளர். 'மறுப்பாளர்' வேண்டும் என்கிறவர்கள் கடவுள் மறுப்பு, சாதி மறுப்பு இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள். ஞாயிறு வரை பார்த்துவிட்டுக் கோப்பில் ஏற்றுகிறேன்.

அன்புடன்,
முத்தியால்பேட்டையிலிருந்து