வாக்கியத் திருத்த வினாக்கள்: கடைசி இரண்டு விடைகளில் எதைத் தேர்வது?

கேள்வி:
நுழைவுத் தேர்வுகளில் வரும் ஆங்கில வாக்கியத் திருத்த வினாக்களில் மூன்று விடைகளை எளிதில் நீக்கிவிடுகிறேன். எஞ்சும் இரண்டில் காதுக்கு இயல்பாக ஒலிப்பதைத் தேர்ந்தால் பெரும்பாலும் தவறாகிறது. இலக்கண விதிகள் மனப்பாடமாக இருந்தும் ஏன் இப்படி நேர்கிறது? குறுகிய விடையே சரி என்று சிலர் சொல்வதை நம்பலாமா?

பதில் 1:
காதை நம்புவதுதான் சிக்கல். பேச்சில் பழகிய பிழைகள் காதுக்கு உறுத்துவதில்லை என்பதை அறிந்தே வினாக்களை அமைக்கிறார்கள். 'தி குவாலிட்டி ஆஃப் தி ரிப்போர்ட்ஸ் ஹேவ் இம்ப்ரூவ்டு' என்ற வாக்கியத்தில் வினைச்சொல்லுக்கு அருகில் 'ரிப்போர்ட்ஸ்' என்ற பன்மை நிற்பதால் 'ஹேவ்' சரியெனத் தோன்றும். எழுவாயோ ஒருமையான 'குவாலிட்டி'. எனவே 'ஹேஸ்' வரவேண்டும். இடையிலுள்ள தொடர்களை மனத்தால் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டு, எழுவாயையும் வினையையும் மட்டும் சேர்த்துப் படியுங்கள். 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' ஆகியவற்றால் சேர்க்கப்படும் பெயர்களும் எழுவாயைப் பன்மையாக்குவதில்லை.

குறுகிய விடை என்பது விதியன்று. இரண்டுமே பிழையற்றுப் பொருளும் ஒன்றாக இருந்தால் மட்டும் அதை நாடலாம்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கடைசி இரண்டு விடைகளில் தடுமாறுவோருக்குப் பெரும்பாலும் துணைபுரிவது இலக்கணத்தைவிடப் பொருள்தான் என்பது என் கருத்து. 'ரன்னிங் டுவர்ட்ஸ் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் வாஸ் மிஸ்ட் பை தி பாய்' என்ற வாக்கியத்தில் ஓடியது யார் என்று கேட்டுப் பாருங்கள்: இலக்கணப்படி ஓடியது ரயில்! தொடக்கத் தொடர் யாரைக் குறிக்கிறதோ அவரே காற்புள்ளிக்குப் பின் எழுவாயாக நிற்கவேண்டும். ஒப்பீடுகளிலும் இதே சோதனை செல்லும். 'தி பாப்புலேஷன் ஆஃப் சைனா இஸ் லார்ஜர் தேன் பிரேசில்' என்பது மக்கள்தொகையை ஒரு நாட்டோடு ஒப்பிடுகிறது. 'தேன் தட் ஆஃப் பிரேசில்' என்றால்தான் மக்கள்தொகையோடு மக்கள்தொகை நிற்கும்.

ஆகவே, இரு விடைகளையும் முழுதாகத் திரும்பத் திரும்பப் படிக்காமல், அவை வேறுபடும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அந்த வேறுபாடு பொருளை எப்படி மாற்றுகிறது என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மேலாண்மை மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் பழைய வினாக்களைக் கொண்டு பயிற்சி செய்வது இன்னும் பயன்படுமா?

பதில் 3:
எந்தத் தேர்வை எழுதப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் ஜிமேட் இந்த வினாவகையையே கைவிட்டுவிட்டது. ஆகவே அதற்காகத் தயாராகிறவர்கள் இதில் நேரம் செலவிடத் தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்விலோ இலக்கண வினாக்கள் தொடர்கின்றன. எழுவாய்-வினை இயைபு, அடைத்தொடர் (மேலே 'ரன்னிங்...' என்று தொடங்கியது போன்ற தொடர்) ஆகியவற்றுக்குப் பழைய தொகுப்புகள் உதவும். ஆனால் எஸ்ஏடியில் நிறுத்தக்குறிகளுக்கு மிகுந்த இடமுண்டு; இரண்டு முழு வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் இணைப்பது அங்கே அடிக்கடி வரும் பொறி. சொற்கள் மாறாமல், ஒரு விடையில் முற்றுப்புள்ளியும் மற்றொன்றில் அதே இடத்தில் அரைப்புள்ளியும் இருந்தால், இரண்டும் ஒரே வேலையைச் செய்வதால் பெரும்பாலும் இரண்டையுமே நீக்கிவிடலாம்.