கேசரோலுக்குச் "சுடுசட்டி" சரிவருமா?

வணக்கம்.

சமையல் கலைச்சொல் பட்டியலில் 'கேசரோல்' இன்னும் தீராமல் கிடக்கிறது. ஓவனில் வேகும் ஒருவகை உணவுக்கும் அதை வைக்கும் பாத்திரத்துக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே பெயர்தான். இதுவரை வந்த பரிந்துரைகள் வெதுப்புக்கலம், அடுகலம், அடுக்குச்சுடல், கலவைவேவு. "கேசரோல் என்றே இருக்கட்டுமே, என்ன குடியா முழுகிவிடும்?" என்ற கட்சியும் உண்டு.

சொல்லுக்கு முன்னால் பண்டத்தைப் பார்த்துவிடலாம். இறைச்சி உருண்டையும் சாசேஜும் (உறைக்குள் அடைத்த இறைச்சிக் கலவை) சேர்ந்த கேசரோலை எடுத்துக்கொள்கிறேன். இதைத் தன் வசதிக்கு மாற்றாமல் சமைப்பவர் அபூர்வம். ஒரு பண்டத்தில் எதையெல்லாம் மாற்றியும் அதன் பெயர் மாறவில்லை என்று பார்த்தால், பெயர் எதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வழக்கமான செய்முறை இது. அரைத்த இறைச்சியில் பாலில் ஊறிய ரொட்டி, முட்டை, உப்பு, மிளகு சேர்த்து உருட்டுகிறார்கள். உருண்டைகளையும் சாசேஜையும் வாணலியில் மேற்புறம் சிவக்க வாட்டி எடுக்கிறார்கள். அதே வாணலியில், அடியில் ஒட்டிய பழுப்போடு சேர்த்து, வெங்காயமும் பூண்டும் தக்காளியும் வதங்கிச் சாறாகின்றன. முக்கால் பதத்தில் வெந்த பாஸ்தா அகலமான பாத்திரத்துக்குப் போகிறது. அதன்மேல் இறைச்சி, சாறு, கடைசியாகத் துருவிய சீஸ். பிறகு 180 முதல் 190 டிகிரி செல்சியஸில் ஓவனுக்குள். முதலில் மூடி, கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் திறந்து.

இனி மாற்றங்கள். மாட்டிறைச்சிக்கோ பன்றி இறைச்சிக்கோ பதிலாகக் கோழி போடுகிறார்கள். கொழுப்பு குறைவதால் உருண்டை வறண்டுபோகும், எனவே பாலில் ஊறிய ரொட்டியைக் கொஞ்சம் கூட்டுவார்கள். ரொட்டியின் மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, இறைச்சியின் புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றாதபடி இடையில் நிற்கவும் செய்கிறது. சாசேஜில் நடப்பது இதற்கு நேரெதிர். அங்கே உப்புச் சேர்த்துப் பிசையப் பிசையப் புரதம் கரைந்து பசையாகிறது, வெந்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. உருண்டையையும் அதே வேகத்தில் பிசைந்தால் கிடைப்பது ரப்பர் பந்துதான். இரண்டும் ஒரே பாத்திரத்தில் இருந்தாலும் வாயில் இரண்டு விதமாக இருப்பதற்கு இதுவே காரணம். இந்தப் பண்டத்தின் ருசியில் பாதி அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பேன்.

பாஸ்தாவை நீக்கிவிட்டு உருளைக்கிழங்கு போடுகிறார்கள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கிழங்கைப் பச்சையாக நறுக்கித் தக்காளிச் சாற்றில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் ஆகியும் வேகவில்லையே என்று ஓவனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தக்காளியின் புளிப்பு, கிழங்கின் செல்சுவரில் இருக்கும் பெக்டினைச் சீக்கிரம் கரையவிடாது. தனியாகக் கொதிநீரில் முக்கால் பதம் வேகவைத்துப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இறைச்சியையே எடுத்துவிடலாம். காம்ப்பெல் சூப் நிறுவனத்தில் 1955-ல் டார்கஸ் ரைலி உருவாக்கிய கேசரோலில் முக்கியமாக இருப்பவை பச்சை பீன்ஸும் காளான் சூப்பும் மேலே தூவிய பொரித்த வெங்காயமும்தான். அதற்கும் பெயர் கேசரோல்தான்.

ஆக, இறைச்சி போயிற்று, பாஸ்தா போயிற்று, சீஸ் போயிற்று. எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறிக் கொட்டுபவர்களும் இருப்பதால் அடுக்கும் போயிற்று. பெயர் மட்டும் நிற்கிறது. அது ஒட்டிக்கொண்டிருப்பது பாத்திரத்தில். ஓவனுக்குள் போய், அங்கே வெந்து, வேறு எதற்கும் மாற்றப்படாமல் அப்படியே மேசைக்கு வரும் பாத்திரம்.

மூலச் சொல்லும் பாத்திரத்தின் பெயர்தான். பிரெஞ்சில் இன்றைக்கும் 'கேசரோல்' என்றால் நீண்ட கைப்பிடி வைத்த, அடுப்பின் மேல் வைக்கும் பாத்திரம். ஓவனில் வைக்கும் மூடி போட்ட கனத்த பாத்திரத்துக்கு அவர்கள் 'கோகோத்' என்கிறார்கள். பாத்திரத்தின் பெயர் உணவுக்கு ஏறுவது உலகெங்கும் நடந்திருக்கிறது. ஸ்பெயினின் பயேயா, மொராக்கோவின் தஜீன், பிரான்சின் டெரீன், கசூலே எல்லாமே அப்படிப் பிறந்த உணவுப் பெயர்கள். நமக்கு இதை விளக்கத் தனி இலக்கணம் எழுத வேண்டியதில்லை, இடத்தின் பெயர் அதில் இருப்பதற்கு ஆகிவரும் இடவாகுபெயர் இருக்கிறது. ஊர் சிரிக்கும் என்றால் பாத்திரமும் மணக்கும்.

அதனால் உணவுக்கு ஒரு சொல், பாத்திரத்துக்கு ஒரு சொல் என்று இரண்டு செய்ய வேண்டாம். பாத்திரத்துக்குச் செய்தால் போதும், உணவுக்கு அது தானாகப் போய்ச் சேரும். இந்த அளவுகோலில் அடுக்குச்சுடலும் கலவைவேவும் நிற்கவில்லை, இரண்டும் உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசுகின்றன. அடுகலம் அழகான சொல், ஆனால் சமைக்கும் எல்லாக் கலமும் அடுகலம்தானே. வெதுப்புக்கலத்துக்கு 'வெதுப்பகம்' (பேக்கரி) துணை இருக்கிறது. ஆனால் 190 டிகிரி ஓவனிலிருந்து கொதித்து வரும் ஒன்றை 'வெதுவெதுப்பு' நினைவுக்கு வரும்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பரிந்துரை: சுடுசட்டி. சுடுநீர் போல ஒரு வினைத்தொகை. சட்டி எல்லோர் வாயிலும் இருக்கும் சொல், அகன்ற வாயுள்ள பாத்திரம் என்ற உருவத்தையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இதே வகை உணவை 'ஹாட்டிஷ்' என்பார்கள். மன்கேட்டோ நகரத்துத் தேவாலய மாதர் குழு 1930-ல் அச்சிட்ட சமையல் நூலிலேயே அந்தச் சொல் இருக்கிறது. சூடு, பாத்திரம் என்ற இரண்டே உறுப்பில் அவர்கள் காரியத்தை முடித்துவிட்டார்கள். நமக்கும் அது போதும்.

என்ன சொல்கிறீர்கள்?

-----

மறுமொழி

> சுடுநீர் போல ஒரு வினைத்தொகை

இலக்கணம் சரி ஐயா. ஆனால் வினைத்தொகை என்பதால் முக்காலமும் காட்டும். சுட்ட சட்டி, சுடுகின்ற சட்டி, சுடும் சட்டி. இதில் 'சுட்ட சட்டி' என்பது சூளையில் சுட்ட மண்சட்டி. தொல்லியல்காரர்கள் சுடுமண் என்று ஏற்கெனவே புழங்குகிறார்கள். சுடுசட்டி என்று படிப்பவருக்கு அகழாய்வில் கிடைத்த பொருள் என்று தோன்றாதா? 1915-ல் பைரெக்ஸ் என்ற சூடு தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்தப் பாத்திரம் கண்ணாடியிலும் கிடைக்கிறது. வார்ப்பிரும்பு, பீங்கான் எல்லாம் உண்டு. மண் வாசனை வீசும் பெயர் எதற்கு?

இரண்டாவது, சுடுதல் என்ற வினையே தளர்வானது. ரொட்டி சுடுவதும் உண்டு, செங்கல் சுடுவதும் உண்டு, துப்பாக்கியால் சுடுவதும் உண்டு. கலைச்சொல் என்றால் ஒரு பொருளைக் குறுக்கிப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். பிரிட்டனில் கேசரோல் என்றால் மூடி போட்டு, சாற்றில் அமிழ்ந்து, மெதுவாக வேகும் இறைச்சி. அடுப்பின் மேல் செய்தால் 'ஸ்டியூ', ஓவனுக்குள் வைத்தால் 'கேசரோல்' என்று பிரிப்பார்கள். அமெரிக்கர்கள் சொல்வதோ பாஸ்தா, சீஸ் என்று மேலே மொறுமொறுப்பாக வருவது. ஒன்றில் சாறு தளும்பும், இன்னொன்றைத் துண்டு போடலாம். இரண்டுக்கும் ஒரே சட்டியா?

நான் இன்னும் வெதுப்புக்கலத்தின் பக்கம்தான்.

-----

மறுமொழி

நானும் கொஞ்சம் சொல்கிறேன். சொல்லாக்கம் என் துறை இல்லை, செய்முறை எழுதுவதுதான் என் வேலை.

வெதுப்புக்கலம் என்று எழுதினால் யாரும் வாய்விட்டுப் படிக்க மாட்டார்கள் அண்ணா. "வெதுப்புக்கலத்தில் வெண்ணெய் தடவவும்" என்று சொல்லிப் பாருங்கள். "சுடுசட்டியில் வெண்ணெய் தடவவும்" தடங்கலில்லாமல் வருகிறது. அகழாய்வு நினைவு வருமா என்றால், பக்கத்திலேயே சீஸ் இருக்கும்போது வராது.

எனக்குக் கவலை மற்ற சொற்களில். சாசேஜுக்குக் 'குடலடைப்பு' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். அது மருத்துவர் சொல்லும் வியாதியின் பெயர், சாப்பாட்டு மேசையில் அதை எப்படிப் பரிமாறுவது? 'தொத்திறைச்சி' இணையத்தில் புழங்குகிறது, சரம் சரமாகத் தொங்குவதற்குப் பொருத்தமும்கூட. ஆனால் இந்தப் பண்டத்தைச் செய்பவர்களில் பலர் உறையைக் கீறி எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் கலவையை உதிர்த்துத்தான் போடுகிறார்கள். தொத்தே இல்லாதபோது தொத்திறைச்சி ஏது? சாசேஜ் என்றே விடலாம்.

பாஸ்தாவை முழுதும் வேகவிடாமல் வடிப்பதற்குப் பட்டியலில் 'அரைவேக்காடு' என்று இருக்கிறது. அது ஆளைத் திட்டும் சொல்லாகிவிட்டது. அளவும் தப்பு. பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்னால் வடிக்க வேண்டும், பாதியில் இல்லை. மிச்சத்தை அது ஓவனுக்குள் சாற்றைக் குடித்து வெந்துகொள்ளும். அதனால்தான் சாறும் பார்வைக்குக் கொஞ்சம் நீர்க்க இருக்க வேண்டும். 'முக்கால் பதம்' இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

அப்புறம், ஓவனிலிருந்து எடுத்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் வைக்கிறோமே, அதை 'ஆறவைத்தல்' என்று போட்டிருக்கிறார்கள். ஆறுவது அதன் நோக்கமில்லை. ஓரத்தில் கொப்புளமிடும் சாறு அமர்ந்து, மாவுச்சத்து இறுகி, கரண்டி வைத்தால் சரிந்து ஓடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே சூடு அப்படியே இருக்கும். "கொதி அடங்க விடவும்" என்றால் எல்லோருக்கும் புரியும்.

ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பலர் வீட்டில் கேசரோல் என்றால் உணவைச் சூடு ஆறாமல் வைக்கும் மூடிப் பாத்திரம், ஹாட்பாக்ஸ். "கேசரோலை ஓவனில் வைக்கவும்" என்று எழுதி, யாராவது அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை உள்ளே வைத்துவிட்டால்? எனக்குத் தமிழ்ச் சொல் வேண்டும் என்பதற்கு முதல் காரணமே இதுதான்.

-----

மறுமொழி

இருவருக்கும் நன்றி.

பிளாஸ்டிக் பெட்டி விஷயம் ஒன்றே 'கேசரோல் என்றே இருக்கட்டும்' கட்சியை முடித்துவைக்கப் போதும். செய்முறை எழுதும் அம்மையார் சொன்ன முக்கால் பதம், கொதி அடங்கல், சாசேஜ் மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

> ஒன்றில் சாறு தளும்பும், இன்னொன்றைத் துண்டு போடலாம். இரண்டுக்கும் ஒரே சட்டியா?

ஒரே சட்டிதான் ஐயா. ஆங்கிலத்திலும் ஒரே சொல்தான் இரண்டையும் தாங்குகிறது. பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'மூடிய சுடுசட்டி', 'திறந்த சுடுசட்டி' என்று அடை போடலாம். நம் இறைச்சி உருண்டைப் பண்டம் இரண்டிலும் கால் வைத்தது. மூடியிருக்கும்போது ஆவி வெளியேறாமல் உள்ளே வெந்துவிடுகிறது. திறந்ததும் மேற்பரப்பின் ஈரம் வற்றினால்தான் சீஸ் நிறம் பிடிக்கும், ஈரம் இருக்கும் இடத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. உருண்டைகளை முன்கூட்டியே வாணலியில் வாட்டுவதும் இதற்காகத்தான். சாற்றில் அமிழ்ந்த பிறகு அவை சிவக்க வழியில்லை.

சுடுதல் தளர்வான வினை என்பதை ஏற்கிறேன், ஆனால் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. சட்டி என்ற சொல் பக்கத்தில் வந்ததுமே துப்பாக்கியும் செங்கலும் விலகிவிடுகின்றன. சூளையில் சுட்டது என்ற பொருளும் பொய்யில்லையே, மண்சட்டியிலும் இதைச் செய்யலாம்.

பட்டியலுக்கு என் வரைவு:

சுடுசட்டி: 1. ஓவன் சூட்டைத் தாங்குவதும், சமைத்த உணவை அப்படியே பரிமாற ஏற்றதுமான அகன்ற, ஆழமான பாத்திரம். 2. (ஆகுபெயர்) அதில் வைத்து ஓவனில் வேகவைத்த உணவு. எ-டு: இறைச்சி உருண்டைச் சுடுசட்டி, பீன்ஸ் சுடுசட்டி.

பயன்பாட்டுக் குறிப்பில் வெப்பநிலையையும் சேர்க்கச் சொல்வேன். உருண்டையின் நடுவில் 71 டிகிரி, கோழியாக இருந்தால் 74. மிச்சம் வைத்து மறுநாள் சுடவைத்தாலும் 74. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடிச் சட்டியை நேராகச் சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடக்கூடும் என்பதையும் ஒரு வரி போடலாம். சொற்பட்டியலில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்லைத் தேடி வருபவர் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டுதான் தேடுவார்.

பாலில் ஊறிய ரொட்டிக்குத்தான் இன்னும் சொல் இல்லை. பிரெஞ்சில் 'பனாட்' என்கிறார்கள். 'பாலூறல்' என்று வைக்கலாமா? பால் ஆகாதவர்கள் தண்ணீரிலோ இறைச்சிச் சாற்றிலோ ஊறவைப்பார்கள், அங்கே 'பால்' உதைக்கும். வெறும் 'ஊறல்' என்றால் கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்களின் சொல்லாகிவிடுகிறது. 'ரொட்டியூறல்' எனக்குச் சரியாகப் படுகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.