கறுப்பின இலக்கியத்தில் பள்ளிப் பிரிவினை: இறைநம்பிக்கைக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: வினாக்குறி

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள் பள்ளிப் பிரிவினையை, அதாவது வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் வைத்ததைப் பற்றி எழுதிய நூல்களைச் சில காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பிரித்து வைத்தாலும் சமமாக இருந்தால் போதும் என்ற கொள்கைக்கு 1896ஆம் ஆண்டு பிளெஸ்ஸி தீர்ப்பு இடம் கொடுத்ததும், 1954 மே 17 அன்று பிரௌன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொதுப் பள்ளிகளைப் பொறுத்தவரை அதைத் தள்ளுபடி செய்ததும் தெரிந்த வரலாறுதான். எனக்குப் பிடிபடாதது வேறு. நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரு போதகரோ, ஜெபம் செய்யும் ஒரு பாட்டியோ, ஒரு தேவாலயமோ தவறாமல் வந்துவிடுகிறது. ஆனால் பள்ளி வாசலில் நின்று கறுப்பினக் குழந்தைகளை மறித்தவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே விவிலியத்தை வாசித்தவர்கள்தாம். ஒடுக்குபவரின் கையிலும் இருக்கும் ஒரு நம்பிக்கையை இந்த எழுத்தாளர்கள் ஏன் உதறிவிடவில்லை? பொறுத்துப் போகச் சொல்லும் ஆறுதலாக மட்டும்தான் அது இந்த எழுத்துகளில் வருகிறதா? நூல்களிலிருந்தே எடுத்துக்காட்டி யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: நூலகவாசி

நம்பிக்கையை ஒரு மனநிலையாகக் கொள்வதற்கு முன்னால் அதை ஒரு கட்டடமாகப் பாருங்கள் என்பேன். தென்மாநிலக் கிராமங்கள் பலவற்றில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று பள்ளி கட்ட அரசு பணம் ஒதுக்கவில்லை. அங்கெல்லாம் தேவாலயமே பள்ளிக்கூடமாக இருந்தது. எர்னஸ்ட் கெய்ன்ஸ் 1993இல் வெளியிட்ட ‘எ லெசன் பிஃபோர் டையிங்’ நாவல் 1940களின் பிற்பகுதியில், லூசியானாவில் நிகழ்கிறது. தோட்டக் குடியிருப்பின் தேவாலயத்திற்குள்தான் ஆசிரியர் கிராண்ட் விக்கின்ஸ் பாடம் நடத்துகிறார். பிள்ளைகள் தரையில் மண்டியிட்டு, பெரியவர்கள் ஞாயிறு வழிபாட்டில் உட்காரும் பெஞ்சுகளையே மேசையாக்கி எழுதுகிறார்கள். வெள்ளையர் பள்ளிகளில் பயன்படுத்தித் தேய்ந்த புத்தகங்கள்தாம் அவர்களுக்கு வந்து சேர்கின்றன. ஆய்வுக்கு வரும் கல்விக் கண்காணிப்பாளரோ பிள்ளைகளின் பற்களையும் கைகளையும் பார்ப்பதில்தான் அக்கறை காட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள் அந்தக் கூரையின் கீழ் நிற்கும் கிராண்ட் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே போவதில்லை, ஏனெனில் அவருடைய நம்பிக்கை தளர்ந்துவிட்டது.

உங்கள் கேள்வியை அந்த நாவலின் ஒரு காட்சி நேராகவே எடுத்துக்கொள்கிறது. மரண தண்டனை விதிக்கப்பட்ட ஜெஃபர்சன் என்ற இளைஞனிடம் கடவுளைப் பற்றிப் பேச மறுக்கும் கிராண்டிடம், படித்தவன் என்று நீ உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறாய், உன்னைப் படிக்க வைத்த அத்தையின் முழங்கால்களில் ஜெபித்து ஜெபித்து ஏற்பட்ட காயங்களை என்றாவது பார்த்திருக்கிறாயா என்று போதகர் ஆம்புரோஸ் கேட்கிறார். சவக்குழியின் அருகே நின்று மக்களின் வலி தணிவதற்காகத் தாம் பொய் சொல்வதையும் அவர் ஒளிக்கவில்லை. நம்பிக்கை வெறும் ஆறுதல்தான் என்ற குற்றச்சாட்டைப் போதகரே முன்வந்து ஏற்றுக்கொண்டு, அந்த ஆறுதலின் செலவில்தான் நீ படித்தாய் என்று அதைத் திருப்பிப் போடுகிறார். தண்டனை நிறைவேறும் நேரத்தில் பிள்ளைகளை மண்டியிடச் சொல்லும் கிராண்ட், தான் மண்டியிடாமல் வெளியே போய் நிற்கிறார். இரு தரப்பில் எதையும் வெற்றி பெற விடாத அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

மில்ட்ரெட் டெய்லர் 1976இல் எழுதிய ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ நாவலில், 1933ஆம் ஆண்டு மிசிசிப்பியில், கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ‘கிரேட் ஃபெய்த்’ என்பதே பெயர். வெள்ளைப் பிள்ளைகளின் பேருந்து சாலையில் நடந்துபோகும் கறுப்பினப் பிள்ளைகள் மீது சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போகும் காட்சி அதில் வருகிறது. நிஜ வாழ்க்கையிலும் ஒரு பேருந்திலிருந்துதான் பெரிய வழக்கொன்று முளைத்தது. தென் கரோலைனாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து கேட்டுப் பெற்றோரைத் திரட்டிய ஜோசப் டிலெய்ன் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையின் போதகர். அந்த முயற்சி பிரிக்ஸ் வழக்காக வளர்ந்து, பிரௌன் தீர்ப்பில் இணைக்கப்பட்ட வழக்குகளில் ஒன்றாயிற்று. அதற்கு அவர் கொடுத்த விலை சிறியதன்று: வேலை போனது, வீடு எரிந்தது, 1955இல் தேவாலயமும் தீக்கிரையானது, கடைசியில் அவர் மாநிலத்தை விட்டே வெளியேறினார். கேன்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் மகளுக்காக வழக்காடிய ஆலிவர் பிரௌனும் அதே சபையின் ஆலயம் ஒன்றில் உதவிப் போதகராக இருந்தவர். எனவே போதகரும் தேவாலயமும் இக்கதைகளில் அலங்காரத்துக்காக வரவில்லை. கூட்டம் கூட, மனு எழுத, பணம் சேர்க்க அந்த மக்களின் சொந்தக் கையில் இருந்த இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான்.

மறுமொழி: பனையோலை

நூலகவாசி கட்டடத்தைப் பற்றிச் சொன்னார். நான் ஒரு பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். மாயா ஏஞ்சலோ 1969இல் வெளியிட்ட தன்வரலாற்றில், 1940ஆம் ஆண்டு ஆர்கன்சாவின் ஸ்டாம்ப்ஸ் ஊரில் நடந்த பள்ளி நிறைவு விழாவை விரிவாக எழுதியிருக்கிறார். நாட்டுப்பண் முடிந்தவுடன் வழக்கமாகப் பாடும் ‘லிஃப்ட் எவ்ரி வாய்ஸ் அண்ட் சிங்’ என்ற ‘நீக்ரோ நாட்டுப்பண்’ அன்று பாடப்படாமல், எல்லாரும் உட்கார வைக்கப்படுகிறார்கள். பிறகு பேச வந்த வெள்ளைக்கார விருந்தினர், வெள்ளையர் பள்ளிக்கு நுண்ணோக்கிகளும் ஓவிய ஆசிரியரும் வரப்போவதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, கறுப்பினப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீரர்களை மட்டும் முன்மாதிரியாக நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறார். விழாவே செத்துப்போகிறது. அப்போது முதல் மாணவனாக உரையாற்ற வந்த ஹென்றி ரீட், வகுப்புத் தோழர்கள் பக்கம் திரும்பி, விடுபட்ட அந்தப் பாட்டைப் பாடத் தொடங்குகிறான். சபை முழுவதும் சேர்ந்துகொள்கிறது. பல முறை பாடிய அந்த வரிகளைத் தான் முதன்முறையாகக் கேட்டதாக ஏஞ்சலோ எழுதுகிறார்.

அந்தப் பாட்டு கடவுளை நோக்கிய மன்றாட்டாகவே முடிகிறது. ஆனால் அது பிறந்த இடம் பள்ளிக்கூடம். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஸ்டாண்டன் பள்ளியின் முதல்வராக இருந்த ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1900இல் அதை எழுத, அவருடைய தம்பி இசையமைத்தார். ஜான்சனோ கடவுள் உண்டா இல்லையா என்பதில் எந்த முடிவுக்கும் வராதவர். நம்பாத ஒருவர் எழுதிய ஜெபத்தை ஒரு சமூகம் முழுவதும் தனதாக்கிக்கொண்டது என்றால், ‘ஏன் உதறவில்லை’ என்ற கேள்வியைத் தனிமனித விசுவாசத்தின் எல்லைக்குள் வைத்துப் பார்ப்பது போதாது.

மறுமொழி: எதிர்க்கரை

ஒடுக்குபவரும் அதே விவிலியத்தை வைத்திருந்தார் என்று கேள்வியில் சொன்னது இந்த எழுத்தாளர்களுக்குத் தெரியாத செய்தி அன்று. அடிமை நிலையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பின்னிணைப்பிலேயே, இந்த நாட்டின் கிறித்தவமும் கிறிஸ்துவின் கிறித்தவமும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டிவிட்டார். கவிஞர் குவெண்டலின் புரூக்ஸ் ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் 1957ஆம் ஆண்டு வெள்ளையர் பள்ளியில் சேர வந்த ஒன்பது கறுப்பின மாணவர்களைக் கும்பல் எதிர்த்த நிகழ்வை எழுதியபோது இன்னும் நுட்பமாகச் சென்றார். ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழின் செய்தியாளர் கொடியவர்களைத் தேடி அந்த ஊருக்குப் போகிறார். அங்கே கண்டதோ ஞாயிற்றுக்கிழமையில் பாமாலை பாடி, வீட்டு வேலையைப் பார்த்து, எல்லா ஊர்களிலும் இருப்பவர்களைப் போலவே வாழும் மக்களைத்தான். கல்லெறிபவர்களும் எச்சில் துப்புபவர்களும் அவர்களே. கவிதையின் கடைசி வரியில், கும்பல் கொலைக்கு ஆளானவராகக் கிறிஸ்து நிற்கிறார். நம்பிக்கையைக் கைவிடாமல், அது யாருடைய பக்கம் நிற்கிறது என்று கேட்கும் எழுத்து இது.

உதறத் துணிந்தவர்களும் உண்டு. பதினான்கு வயதில் ஹார்லெமில் போதகராக மேடையேறி, சில ஆண்டுகளில் அதை விட்டு வெளியேறிய ஜேம்ஸ் பால்ட்வின், நம்மை விரிந்த மனத்தோடும் விடுதலையோடும் அன்போடும் வாழச் செய்யாத கடவுளை நீக்கிவிட வேண்டிய நேரம் இது என்று 1963இல் வெளியான நூலில் எழுதினார். அவருடைய உரைநடையில் பிரசங்கத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் கடைசி வரை போகவில்லை.

வினாக்குறி

மூவருக்கும் நன்றி. ஒரு சங்கடம் எஞ்சியிருக்கிறது. 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்சில் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்த ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ், தன்னைத் திட்டிய கூட்டத்துக்காக ஜெபித்தாள் என்ற கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. மன்னிக்கும் குழந்தையைப் போற்றுவது, திட்டியவர்களைத் தப்பவிடுவதாகிவிடாதா?

மறுமொழி: நூலகவாசி

உங்கள் சங்கடம் நியாயமானது. அந்த ஜெபத்தைப் பலரும் அறியச் செய்தவர் ரூபியைச் சந்தித்துவந்த வெள்ளைக்கார மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ். சிறுவர்களுக்காக 1995இல் அவர் எழுதிய நூலில் அதுவே உச்சக் காட்சி. ரூபி பிரிட்ஜஸ் தாமே 1999இல் எழுதிய ‘த்ரூ மை ஐஸ்’ நூலையும் உடன் வைத்துப் படியுங்கள். சிறிய சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையை வைத்துக் காட்டியவர்களைக் கண்டு அஞ்சியதும், தந்தை வேலையிழந்ததும், மற்றப் பிள்ளைகள் இல்லாத வகுப்பறையில் ஆசிரியை பார்பரா ஹென்றியுடன் தனியாகப் படித்ததும் அதில் வருகின்றன. ஜெபம் அங்கேயும் உண்டு, அச்சமும் அதன் பக்கத்திலேயே உண்டு.

லிட்டில் ராக் மாணவர்கள் ஒன்பது பேரில் ஒருவரான மெல்பா பட்டிலோ பீல்ஸ் 1994இல் எழுதிய ‘வாரியர்ஸ் டோன்ட் க்ரை’ நினைவுநூலும் உங்களுக்கு உதவும். பேத்தியைக் கடவுளின் போர்வீராங்கனையாக வளர்க்கும் பாட்டி இந்தியா, விவிலிய வசனங்களைச் சொல்லித் தேற்றுகிறார். இரவில் வீட்டைக் காக்க மடியில் துப்பாக்கியுடன் விழித்திருக்கிறார், அந்தத் துப்பாக்கிக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவர் ஒருபோதும் கருதவில்லை.