மறுமொழி: 'லேட்டன்ட் டிபி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வாரமாக இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் மறுபடி படித்துவிட்டு எழுதுகிறேன். 'லேட்டன்ட் டிபி இன்ஃபெக்‌ஷன்' (காசநோய்க் கிருமி உடம்புக்குள் இருந்தும் நோய் வராத நிலை) என்பதற்கு இதுவரை வந்திருக்கும் பரிந்துரைகள் நான்கு: உள்ளுறை காசநோய், மறைநிலைக் காசநோய், உறங்கு காசநோய், மறை காசத்தொற்று. இவற்றில் மூன்று 'நோய்' என்று முடிகின்றன. என் மறுப்பு முதலில் அந்த ஒரு சொல்லின் மேல்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அத்தை வீட்டில் நடந்தது. மாமாவுக்கு மூன்று வாரமாக இருமல், சாயங்காலம் ஆனால் காய்ச்சல், ராத்திரி வியர்வையில் பனியன் நனைந்துவிடும். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. வழக்கப்படி வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். மருமகளுக்குக் கையில் ஊசி போட்டுப் பார்த்த இடம் தடித்துவிட்டது. அவளுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். கையில் கொடுத்த சீட்டில் 'மறைந்திருக்கும் காசநோய்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கே அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று வீடே கூடிப் பேசியது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டு மாமா தேறி எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். அவளுடைய டம்ளர் மட்டும் அப்போதும் தனியாகவே இருந்தது.

அந்தச் சீட்டை எழுதியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆங்கிலத்தில் இருந்ததைத்தான் தமிழாக்கியிருக்கிறார். ஆனால் அந்த வீட்டில் யாரும் 'மறைந்திருக்கும்' என்பதைப் படிக்கவில்லை. 'காசநோய்' என்பதைத்தான் படித்தார்கள். சரியாகச் சொன்னால் 'மறைந்திருக்கும்' என்ற சொல் பயத்தைக் கூட்டியது. மறைந்திருப்பது திருடன் அல்லவா?

இந்த இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, உரக்கப் பேசும்போதுகூடக் கிருமி நுண்ணிய துளிகளில் ஏறிக் காற்றில் மிதக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் அதே காற்றை நெடுநேரம் மூச்சில் இழுப்பவருக்கு அது போய்ச் சேரலாம். தட்டு, டம்ளர், துணி, கைகுலுக்கல் வழியாகப் பரவுவது இல்லை. அப்படிப் போய்ச் சேர்ந்த கிருமியைப் பெரும்பாலோர் உடல் பரவ விடுவதில்லை. தற்காப்பு அணுக்கள் சுற்றி வளைத்து ஒரு சிறு முடிச்சுக்குள் அடைத்துவிடுகின்றன. ஆள் நலமாக இருப்பார், அவரிடமிருந்து யாருக்கும் பரவாது. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி தொற்றியிருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அவர்களில் வாழ்நாளில் நோயாக மாறுவது 100 பேருக்கு 5 முதல் 10 பேர்தான், அதிலும் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். எச்.ஐ.வி., சர்க்கரை நோய், ஊட்டக்குறைவு இருந்தால் இந்த வாய்ப்பு கூடும்.

ஆக, 100 பேரில் 90 பேருக்கு மேல் ஒருநாளும் வராத ஒன்றை அவர்கள் பேரோடு 'நோய்' என்று ஒட்டுகிறோம்.

நம்மிடம் இதற்கு ஏன் பழைய சொல் இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். இந்த நோய்க்கு நம்மிடம் பெயர்ப் பஞ்சமே கிடையாது. காசம் என்றால் இருமல், எனவே காசநோய் என்பது காதில் கேட்டதை வைத்து வந்த பெயர். எலும்புருக்கி என்பது கண்ணில் பட்ட மெலிவை வைத்து வந்தது. சயரோகம் என்பது க்ஷயம், அதாவது தேய்தல். தேய்பிறைக்கும் அதே சொல்தான். மத்திய அரசின் காசநோய்ப் பதிவுத் தளத்துக்கு 'நிக்ஷய்' என்று பேர் வைத்தது இதை ஒட்டித்தான், க்ஷயத்துக்கு முடிவு என்று பொருள். மேற்கில் 'டியூபர்க்கிள்' என்பது பிணத்தை அறுத்தபோது நுரையீரலில் கண்ட சிறு முடிச்சு. கேட்டது, பார்த்தது, அறுத்துக் கண்டது. எல்லாப் பெயரும் வெளியே தெரிந்துவிட்ட நோய்க்கு வைத்தவை. நலமாக நடமாடும் ஒருவர் உடம்புக்குள் கிருமி அடைபட்டுக் கிடக்கலாம் என்று யாருக்குத் தெரியும்? ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் பெர்லினில் கிருமியைக் காட்டியதே 1882 மார்ச் 24ஆம் தேதிதான். 1907இல் ஆஸ்திரிய மருத்துவர் பிர்கே தோலில் சோதனை செய்து பார்த்த பிறகுதான், நோயே இல்லாதவர்களிலும் கிருமி பட்டவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது புலப்பட்டது. அதனால் பழைய ஏட்டில் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை இது இல்லை. புதிதாக ஆக்க வேண்டிய சொல்.

இனி ஒவ்வொன்றாக.

> உள்ளுறை வெப்பம் என்று பாடநூலில் ஏற்கெனவே இருக்கிறதே. அதே 'உள்ளுறை'யை இங்கும் வைத்தால் சீராக இருக்கும்.

ஐயா சொல்வது நியாயமான வாதம், எனக்கும் 'உள்ளுறை' பிடித்த சொல். சங்கப் பாட்டில் உள்ளுறை உவமம் என்று படிக்கும்போதே ஒரு நிறைவு வரும். ஆனால் அதே காரணத்தால்தான் இங்கே அது ஒட்டவில்லை. உள்ளுறை என்றால் அந்தப் பொருளோடு பிரிக்க முடியாமல் உறைந்திருப்பது. ஒருவருடைய இயல்பிலேயே நோய் உறைந்திருக்கிறது என்று கேட்பவருக்குத் தோன்றிவிடும். பரம்பரை வியாதி என்ற பழைய எண்ணத்துக்கு நாமே தண்ணீர் ஊற்றியது போல ஆகும்.

> யாழ்ப்பாணத்தில் நாங்கள் மறைவெப்பம் என்றுதான் படித்தோம். மறை என்பது சின்னச் சொல், 'மறை தொற்று' போதாதா?

அண்ணன் சொல்வது போல 'நோய்' இல்லாதது பெரிய முன்னேற்றம். சின்னதாகவும் இருக்கிறது. 'மறை'மேல் என் தயக்கத்தைச் சொல்லிவிட்டேன். இன்னொரு சிக்கல் 'தொற்று'. 2020க்கு முன்பு இந்தச் சொல்லை நான் கேள்வி கேட்டிருக்க மாட்டேன். கொரோனா காலத்தில் நாள்தோறும் மாலைச் செய்தியில் 'தொற்று உறுதி' என்று கேட்டுக் கேட்டு, தொற்று உள்ளவர் என்றால் பக்கத்தில் போகக் கூடாதவர் என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. பாடநூலில் 'தொற்று' வேறு, 'தொற்றும் தன்மை' வேறு. தெருவில் இரண்டும் ஒன்றுதான். வல்லுநர் எழுத்தில் தொற்று இருக்கட்டும், சீட்டில் வேண்டாம்.

'நீறுபூத்த நெருப்பு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். படமாகப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது: மேலே சாம்பல், கீழே கங்கு, காற்றடித்தால் பற்றும். வகுப்பில் விளக்க நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் ஒரு பெண்ணின் மருத்துவச் சீட்டில் நெருப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

'உறங்கு' பற்றியும் சொல்லிவிடுகிறேன். உறங்குவது கிருமியின் விருப்பம் போலவும், உடம்பு சும்மா பார்த்துக்கொண்டிருப்பது போலவும் ஆகிறது. உண்மையில் வேலை செய்வது உடம்புதான். இரவு பகலாகக் காவல் காக்கிறது. அந்த உழைப்பு சொல்லில் தெரிய வேண்டும் என்று நினைத்தபோதுதான் 'அடங்கு' கிடைத்தது.

என் பரிந்துரை: அடங்கு கிருமி. முழு வடிவம் அடங்கு காசக்கிருமி.

அடங்குவதென்றால் ஏதோ ஒன்றுக்கு அடங்குவது. அந்த ஒன்று உடம்பு. 'காய்ச்சல் அடங்கிவிட்டது', 'காற்று அடங்கியது' என்று நாம் சொல்லும்போது ஆறுதல்தான் வருகிறது. இலக்கணத்திலும் ஒரு வசதி. வினைத்தொகை என்பதால் அடங்கிய கிருமி, அடங்குகின்ற கிருமி, அடங்கும் கிருமி என மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் இனியும் அடங்கும் என்ற பொருளுக்கும் இடம் உண்டு. ஊறுகாய், சுடுசோறு போல வல்லெழுத்து மிகாது, எனவே 'அடங்குக் கிருமி' என்று எழுதிவிட வேண்டாம். கிராம நிர்வாகத்தில் 'அடங்கல்' என்ற பதிவேடு இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்கலாம். 'கிருமி' பக்கத்தில் இருக்கும்வரை குழம்பாது.

கிருமி வடசொல், நுண்ணுயிரி என்று வைக்கலாமே என்று நிச்சயம் ஒருவர் எழுதுவீர்கள். தயிரில் இருப்பதும் நுண்ணுயிரிதான். கெடுதல் செய்வதைக் கிருமி என்று பாட்டி முதல் பேரன் வரை சொல்கிறார்கள். அது போதும்.

ஆளைக் குறிக்கும்போது 'அடங்கு கிருமி உள்ளவர்'. 'நோயாளி' கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். உலக சுகாதார நிறுவனமே 2013 வரையறைகளில், நோய் இருக்குமோ என்று சோதிக்கப்படுபவரைக் குற்றவாளியைப் போலச் 'சந்தேகத்துக்குரியவர்' என்று குறித்துவந்த சொல்லைக் கைவிட்டது. மருந்தை நிறுத்தியவரைக் குறித்த 'தவறியவர்' என்பதையும் மாற்றியது. சொல்லால் ஒருவர் கூசி மருத்துவமனைப் பக்கம் வராமல் போவார் என்பது அவர்களுக்கும் புரிந்திருக்கிறது.

தனித் தட்டுப் பழக்கத்துக்கு எதிரான ஆதாரம் நம் ஊரிலேயே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சேத்துப்பட்டில் இருக்கிறது) நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலேயே வைத்தும், மறு பகுதியினரைச் சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில்) வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். நெருக்கடியான சிறு வீடுகளில் சேர்ந்து வாழ்ந்த குடும்பத்தாருக்கும், நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பத்தாரைவிடக் கூடுதலாக நோய் வரவில்லை. உலகம் முழுக்கக் காசநோயாளியை ஊருக்கு வெளியே அனுப்பும் வழக்கத்தை மாற்றிய ஆய்வு அது. தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையத்துக்கு இன்றும் சானடோரியம் என்று பேர். தினமும் அங்கே இறங்குகிற எத்தனை பேருக்கு அந்தப் பேரின் காரணம் தெரியுமோ. நோய் உறுதியான ஒருவரே மருந்தோடு வீட்டில் இருக்கலாம் எனும்போது, நோயே இல்லாத மருமகளுக்கு எதற்குத் தனி டம்ளர்?

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

—

நண்பர்களே, நேற்றைய மடலுக்கு நம் குழுவின் மருத்துவர் அம்மா எழுதியது என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

> சொல் நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் ஊசிபோட்டுப் பார்க்கும் மான்டூவோ, ரத்தத்தில் பார்க்கும் இக்ராவோ கிருமியைப் பார்ப்பதில்லை. உடம்பு அந்தக் கிருமியை ஒருமுறை சந்தித்திருக்கிறது என்ற நினைவைத்தான் காட்டுகின்றன. கிருமி முழுதாக அழிந்துபோனவருக்கும் தடிக்கலாம். பி.சி.ஜி. தடுப்பூசியாலும் மான்டூ தடிக்கலாம். நீங்கள் 'அடங்கு கிருமி' என்று எழுதிவிட்டால், கிருமி இருக்கிறது என்று நாங்களே கையெழுத்துப் போட்டது போல ஆகும்.

அம்மா சொன்னது முழுக்கச் சரி. நான் நிலையையும் சோதனை முடிவையும் ஒரே சொல்லில் கட்டப் பார்த்தேன். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

சோதனை முடிவுக்கு 'சுவடு' என்று வைக்கலாமா? ஈர மண்ணில் கால்தடம் கிடந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரியும். இன்னும் உள்ளே இருக்கிறார்களா, போய்விட்டார்களா என்று தடம் சொல்லாது. மான்டூவும் இக்ராவும் செய்வது அதைத்தான். எனவே 'கிருமிச் சுவடு உண்டு', 'கிருமிச் சுவடு இல்லை'. பாசிட்டிவ் என்பதை 'நேர்மறை' என்று எழுதிவைத்து, அதை ஏதோ நல்ல செய்தி என்று சிலர் எடுத்துக்கொள்கிற தொல்லையும் இதில் தீர்கிறது.

சளியில் கிருமியையே தேடும் சோதனைகளுக்கு (நுண்ணோக்கி, ஜீன்எக்ஸ்பெர்ட், கோவாவில் தயாராகும் ட்ரூநாட், வளர்ப்புச் சோதனை) 'சுவடு' பொருந்தாது. அங்கே 'கிருமி காணப்பட்டது' என்றே எழுதலாம். அந்த வேறுபாடு சீட்டைப் படிப்பவர் கண்ணில் உடனே பட வேண்டும்.

இன்னொன்றும் அம்மா தொலைபேசியில் சொன்னார். நோய் உண்மையாகவே தொடங்கியும் இருமலோ காய்ச்சலோ இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வீடு வீடாக எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில் கண்டுபிடிக்கப்படுபவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இப்படித்தான். அவர்களுக்கு 'அடங்கு' கூடாது, கிருமி அங்கே அடங்கவில்லை. 'அறிகுறியில்லாக் காசநோய்' என்று நேராகச் சொல்லிவிடலாம். 'நோய்' என்ற சொல் இருக்க வேண்டிய இடம் இதுதான்.

அத்தை வீட்டுச் சீட்டை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன். மருத்துவம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்:

"உங்களுக்குக் காசநோய் இல்லை. தோல் சோதனையில் கிருமிச் சுவடு தெரிகிறது. உங்கள் உடம்பில் அடங்கு கிருமி இருக்கலாம். அது உங்களிடமிருந்து யாருக்கும் பரவாது. எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடலாம், குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். பின்னாளில் நோயாக மாறாமல் இருக்கத் தடுப்பு மாத்திரை தருகிறோம், மருத்துவர் சொன்ன நாள்வரை விடாமல் சாப்பிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், சளியில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் உடனே வாருங்கள்."

தடுப்பு மாத்திரைக்கு 'முன்காப்பு மருந்து' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குச் சம்மதம். தினமும் 6 மாதம் சாப்பிடும் முறையும், வாரம் ஒருமுறை 12 வாரம் சாப்பிடும் முறையும் இருப்பதால், 'நாள்முறை', 'வாரமுறை' என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் எங்கள் ஊர் சுகாதாரச் செவிலியரிடம் இந்தச் சீட்டை வாசித்துக் காட்டப் போகிறேன். 'சுவடு' என்றதும் அவருக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டு எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து அண்ணனும் அங்கே மார்பு நோய் சிகிச்சைக்கு வருகிற இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்தால் நல்லது. அங்கே 'தடம்' என்பதுதான் எளிது என்றால் மாற்றிக்கொள்ளலாம்.