வடநோர்வேக் கடற்கரையில் ஐந்து வாரம்: நோர்ட்காப் வரை ஓடுவதா, லோஃபோட்டனோடு நிற்பதா?

தேன்சிட்டு:
எல்லோருக்கும் வணக்கம். ஜூன் 22-ஆம் தேதி, பள்ளிக்கூடம் மூடிய கையோடு வடக்கே வெளிக்கிடுகிறோம். நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், கூடவே என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலி மலை ஏற விடாது. ஆனால் ஓரிடத்தில் உட்கார்ந்து கடலை வேடிக்கை பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சொந்தக் கார், இரண்டு கூடாரம், கையில் ஐந்து வாரம்.

திட்டம் இதுதான். ஸ்டெய்ன்ஷேரில் 17-ஆம் இலக்கக் கடற்கரைச் சாலையைப் பிடித்து போடோ. அங்கிருந்து ஃபெரியில் மோஸ்கெனேஸ். லோஃபோட்டன் தீவுகளில் நான்கு நாள். அப்புறம் வெஸ்டரோலன், செனியா, த்ரோம்சோ, கடைசியில் வடகோடி என்று பேர்பெற்ற பாறைமுனை நோர்ட்காப். திரும்புவது ஈ6 நெடுஞ்சாலை வழியாக. பத்து மலையாவது ஏற வேண்டும் என்பது மகளின் கணக்கு. நோர்ட்காப் பார்க்காமல் திரும்பினால் வேலை இடத்தில் சிரிப்பார்கள் என்பது கணவரின் கணக்கு. நோர்வேயில் எங்கேயும் கூடாரம் அடிக்கலாம் என்பதால் தங்கும் செலவு பெரிதாக வராது என்று நினைக்கிறேன். இதில் எங்கே இடிக்கிறது, சொல்லுங்கள்.

கால்நடையார்:
எல்லா இடத்திலும் இடிக்கிறது தங்கச்சி. இது மலைநடைத் திட்டம் இல்லை, லாரி டிரைவர் வேலைக்கான விண்ணப்பம். த்ரோம்சோவில் இருந்து நோர்ட்காப்புக்கு மட்டும் 500 கி.மீ.க்கு மேல். அதே தூரம் திரும்பியும் வர வேண்டும். பின் சீட்டில் இருக்கும் ஒன்பது வயதுப் பையனிடம் கேட்டுவிட்டுத்தான் இந்தத் திட்டத்தைப் போட்டீர்களா?

நானும் ஒருமுறை இப்படித்தான் ஓடினேன். நாள் கணக்கில் ஓட்டிப் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரே மூடுபனி. 307 மீட்டர் செங்குத்துப் பாறையின் உச்சியில் நின்றுகொண்டு நான் பார்த்தது என் சப்பாத்தை மட்டும்தான். எல்லோரும் படம் எடுக்கும் அந்த இரும்பு உருண்டையை கிட்டத்தட்டத் தடவித்தான் கண்டுபிடித்தேன்.

லோஃபோட்டனுக்கு நான்கு நாள் என்பது அதைவிட மோசம். அங்கே மழை பிடித்தால் நான்கு நாளும் விடாமல் பிடிக்கும். பத்து நாள் கொடுங்கள். நோர்ட்காப்பை வெட்டுங்கள்.

வார்டோக்காரன்:
அண்ணை மூடுபனியில் போய் நின்றதற்கு நோர்ட்காப் என்ன செய்யும்? லோஃபோட்டனில் மூடுபனியே வராதா?

நான் நோர்வேயின் வடகிழக்குக் கோடியான ஃபின்மார்க்கில் வளர்ந்தவன். 80-களின் கடைசியில் அப்பா மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தார். வடக்கே பல மீன்பிடி ஊர்களில் அப்படி வந்த தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அதனால் ஒரு சாய்வோடுதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. ஜூலையில் லோஃபோட்டன் ஒரு பெரிய வாகனத் தரிப்பிடம். நாடு முழுக்க மூன்று வாரப் பொது விடுமுறை எடுக்கும் நேரம். ஒடுங்கிய ஈ10 சாலையில் வீட்டு வண்டிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக ஊரும்.

அதற்குப் பதில் ஃபின்மார்க்கின் கிழக்கே வராங்கர் தீபகற்பம் போங்கள். வார்டோவில் இருந்து பத்து நிமிடப் படகில் ஹோர்னோயா தீவு. படகில் இருந்து இறங்கிய இடத்திலேயே தலைக்கு மேல் பாறை முழுக்கப் பறவைகள், பஃபின் உட்பட. தேன்சிட்டு அக்கா, உங்கள் அம்மா ஒரு படி ஏற வேண்டியதில்லை. ஊருக்குள்ளேயே ஸ்டெய்ல்னெசெட் நினைவிடம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் சூனியக்காரர்கள் என்று பழி சுமத்திக் கொல்லப்பட்ட 91 பேருக்காக 2011-இல் திறந்தது. நீண்ட இருட்டு நடைபாதை, அதில் 91 சின்ன சன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. வெளியே வந்தால் நேராகக் கடற்காற்று முகத்தில் அடிக்கும். அந்த இடத்தில் பத்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள்.

கால்நடையார்:
தம்பி, நினைவிடத்தைப் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பத்து மலை கேட்கிறாள். வராங்கரில் எந்த மலையைக் காட்டப் போகிறாய்? தட்டையான கல்லும் பாசியும்தானே. நோர்ட்காப்பில் இருந்து வார்டோவுக்கு இன்னும் ஏறக்குறைய 500 கி.மீ. ஓட்டமும் வேறு. போகிற வழியில் பழைய ஊர் ஒன்றாவது இருக்கிறதா?

வார்டோக்காரன்:
பழைய ஊர் ஏன் இல்லை என்று தெரிந்துதான் கேட்கிறீர்களா அண்ணை? 1944 இலையுதிர் காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க்கைக் கொளுத்திவிட்டுப் போனது. நோர்ட்காப்புக்குப் பக்கத்து ஊரான ஹொன்னிங்ஸ்வோகில் தேவாலயம் ஒன்றைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. பெட்டி பெட்டியாக ஒரே மாதிரி இருக்கும் அந்த வீடுகள் எல்லாம் போருக்குப் பிறகு திரும்ப எழுந்தவை. தப்பித்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் வார்டோவுக்கு அப்பால் சாலை முடியும் இடத்தில் ஹாம்னிங்பெர்க் இருக்கிறது. மர வீடுகளும் கடலும்தான், வேறு எதுவும் இல்லை.

நடைதான் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. உண்மையில் நோர்ட்காப் அது இருக்கும் தீவின் வடமுனைகூட இல்லை. பக்கத்தில் உள்ள க்னிவ்ஷெல்லொடன்தான் இன்னும் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. போக 9 கி.மீ., வர 9 கி.மீ. கார் போகாது, நடந்தால்தான் உண்டு. அதனால் கூட்டமும் இல்லை. உங்கள் கணவர் வேலை இடத்தில் அதைச் சொல்லட்டும், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இரட்டைக்குளிர்:
இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள். நான் இடையில் கூடார விஷயத்தை முடித்துவிடுகிறேன், அதை யாரும் தொடவில்லை.

"எங்கேயும் அடிக்கலாம்" என்பது பாதிதான் உண்மை. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை பயிர் செய்யாத வெளி நிலத்துக்குத்தான். ஆள் இருக்கும் வீட்டில் இருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் போகாமல். லோஃபோட்டனில் பேர்பெற்ற கடற்கரைகளிலும் ரெய்னே ஊர்ப் பக்கத்திலும் கொம்யூன்கள் (உள்ளூராட்சிகள்) தனியாகவே தடைப் பலகை வைத்திருக்கின்றன. இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டுப் பகுதியிலும் அதை ஒட்டியும் நெருப்பு மூட்டக் கூடாது. சூப்பு வைக்க கேஸ் அடுப்பு கொண்டு போங்கள்.

அப்புறம், 68 வயது முழங்காலோடு ஐந்து வாரம் கூடாரமா? நாலு நாளுக்கு ஒருமுறையாவது ஒரு ரோர்பு எடுங்கள். மீனவர் தங்கிய பழைய மரக் குடில்கள்தான், இப்போது வாடகைக்கு விடுகிறார்கள். அம்மாவுக்குக் கட்டிலும் சன்னலும் கிடைக்கும். ஜூலைக்கு இப்போதே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது.

தேன்சிட்டு:
கூடார விஷயம் நல்ல வேளை இப்போதே தெரிந்தது, நன்றி. அம்மா குடில் என்று கேட்டதும் இந்தப் பயணத்துக்கு முதன்முறையாகச் சிரித்தார்.

கால்நடையார் அண்ணா, ரெய்னேக்கு மேலே உள்ள ரெய்னபிரிங்கன் மலை மகனுக்கு ஒத்து வருமா? மகள் அதில் பிடிவாதமாக இருக்கிறாள். நடுநிசிச் சூரியனையும் அங்கே இருந்தே பார்த்துவிடலாம் என்கிறாள்.

கால்நடையார்:
ரெய்னபிரிங்கன் 448 மீட்டர்தான். முன்பு அது ஒரே சேறும் உருளும் கல்லுமாக இருந்தது. நேபாளத்து ஷெர்ப்பாக்கள் வந்து கல்படி போட்ட பிறகு பாதை உறுதியாகிவிட்டது. 1,978 படி. எனக்குக் கேட்டால் அது மலை ஏறுவது இல்லை, கோயில் படி ஏறுவது. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். மேலே போனால் காட்சி அபாரம், அதில் பேச்சில்லை. ஆனால் மழை ஈரத்தில் இறங்குவது பெரியவர்களுக்கே முழங்காலைப் பதம் பார்க்கும். மகனுக்கு ஸ்வோல்வேர் பக்கத்து ஷெல்பெர்க்டின், 367 மீட்டர், முதலில் அதைக் கொடுங்கள். சிரித்துக்கொண்டே இறங்கினால் அடுத்தது ரீட்டன், 543 மீட்டர். கீழே க்வால்விகா மணற்கரை. அங்கே ரெய்னபிரிங்கன் மாதிரிப் படி வரிசை இல்லை.

சூரியன் விஷயத்தில் மகளுக்கு ஒரு திருத்தம். நடுநிசியில் சூரியன் வடக்கே நிற்கும். ரெய்னேக்கு வடக்கே என்ன இருக்கிறது? மலை. திறந்த கடலைப் பார்த்த வடமேற்குக் கரைக்குப் போக வேண்டும். எக்கும், உட்டக்லெய்வ் மாதிரி இடங்கள். மே கடைசியில் இருந்து ஜூலை நடுப்பகுதி வரைதான் லோஃபோட்டனில் சூரியன் மறையாது. அதுவரை தெற்கே, 17-ஆம் சாலை போகும் ஹெல்கெலாண்ட் கரையில் நின்றால் வெளிச்சம் மட்டும்தான் கிடைக்கும், ப்ரோன்னோய்சுண்ட் எல்லாம் துருவ வட்டத்துக்குக் கீழே.

வார்டோக்காரன்:
நோர்ட்காப்பில் ஜூலை கடைசி வரை மறையாது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

இரட்டைக்குளிர்:
மறையாது என்பதைவிடப் பிள்ளைகள் தூங்காது என்பதுதான் செய்தி. கண்பட்டி வாங்குங்கள். என் மகன் இரவு 11 மணிக்கு "இன்னும் பகல்தானே" என்று பந்து விளையாடக் கிளம்பினான். நான் தடுக்கவும் இல்லை, எனக்கும் நேரம் தெரியவில்லை.

கப்பல்மணி:
இத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் கப்பல் நினைவு வரவில்லையா? 1893-இல் இருந்து இந்தக் கரையில் கப்பல் ஓடுகிறது. பெர்கன் முதல் ஷிர்கெனேஸ் வரை 34 துறைமுகம். முழுப் பயணமும் வாங்க வேண்டியதில்லை, ஒரு துறைமுகத்தில் ஏறி இன்னொன்றில் இறங்கலாம்.

த்ரோம்சோவில் மாலை ஏறினால் மறுநாள் முற்பகல் ஹொன்னிங்ஸ்வோக். வடக்கே போகும் கப்பல் அங்கே சில மணி நேரம் நிற்கும், நோர்ட்காப்புக்கு பஸ்ஸில் போய் வரத்தான் அந்த நேரம். சாலையில் அது வெறும் 34 கி.மீ. கணவரின் ஆசையும் தீர்ந்தது, ஆயிரம் கி.மீ. ஓட்டமும் மிச்சம். அம்மா கப்பலின் மேல்தளத்தில் போர்வையோடு உட்கார்ந்து கடல் பார்க்கலாம்.

கால்நடையார்:
பஸ்ஸில் போய் அரை மணி நேரம் நின்று படம் எடுத்துத் திரும்புவது ஒரு பயணமா? அதற்குத் தபால் அட்டை வாங்கலாம்.

கப்பல்மணி:
அண்ணை, 68 வயதில் முழங்கால் வலியோடு வாருங்கள், அப்போது கேட்கிறேன்.

கால்நடையார்:
சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவுக்குக் கப்பல்தான். ஆனால் காரை லோஃபோட்டனுக்குள் கொண்டு போகாமல் விடச் சொல்லாதீர்கள். ஐந்து பேரும் இரண்டு கூடாரமும் பஸ்ஸில் ஏறினால் டிரைவர் இறங்கிவிடுவார்.

இன்னொரு விஷயம், தங்கச்சி. 17-ஆம் சாலையை அவசரமாகத் தாண்டாதீர்கள். அதில் ஆறு ஃபெரி. ஷில்பொக்ஹாம்னில் இருந்து யெக்ட்விக் போகும் ஃபெரியில்தான் துருவ வட்டத்தைக் கடலின் மேல் கடப்பீர்கள், மகன் மறக்க மாட்டான். அதற்கு முன்னால் தோர்காட்டன், நடுவில் ஓட்டை விழுந்த மலை. ஓட்டை 160 மீட்டர் நீளம், உள்ளே நடந்து மறுபக்கம் போகலாம். சாண்ட்னெஷூவன் பக்கத்தில் ஏழு சகோதரிகள். ஏழையும் ஒரே நாளில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் ஒன்றை ஏறுங்கள், போதும். மகளின் கணக்கு அங்கேயே தொடங்கிவிடும். லோஃபோட்டன் கூட்டத்தில் கால்வாசிகூட ஹெல்கெலாண்டில் இருக்காது. இதில் மட்டும் வார்டோத் தம்பி பக்கம் நிற்கிறேன்.

தேன்சிட்டு:
இரவு முழுக்க மேசையில் வரைபடம் விரித்துச் சண்டை. இப்போது இப்படி மாறியிருக்கிறது.

முதல் பத்து நாள் ஹெல்கெலாண்ட், அவசரம் இல்லாமல். ஜூலை 2 அல்லது 3-இல் போடோவில் இருந்து ஃபெரி. பொது விடுமுறைக் கூட்டம் முழுதாக வருவதற்குள் லோஃபோட்டனில் ஒன்பது நாள். அதில் நான்கு இரவு குடில், மீதி முகாம் தளம். மழை நாளுக்கு போர்க் ஊரில் வைக்கிங் தலைவனின் 83 மீட்டர் நீள வீட்டை ஒதுக்கி வைத்திருக்கிறேன். பிறகு ஆண்டெனெஸில் இருந்து கிரில்லெஃப்யோர்டுக்குக் கோடைக்கால ஃபெரி பிடித்து செனியா. திமிங்கிலப் படகு ஆண்டெனெஸில்தானே, அதையும் அங்கேயே பார்க்கிறோம். த்ரோம்சோவில் கார் நின்றுவிடும்.

அங்கே இருந்து கணவரும் அம்மாவும் மட்டும் கப்பலில் நோர்ட்காப். பிள்ளைகளும் நானும் த்ரோம்சோவைச் சுற்றி நடப்போம். கணவருக்கு இது தோல்வி போலத் தெரிகிறது. சொந்தக் காரில் போய் நின்றால்தான் போனதாகக் கணக்காம். அம்மாதான் "நீ வராவிட்டால் பரவாயில்லை, நான் தனியாகப் போவேன்" என்றார்.

வார்டோக்காரன்:
ஹொன்னிங்ஸ்வோகில் இருந்து அதே கப்பல் மறுநாள் விடியும் முன் வார்டோவைத் தொடும் அக்கா. அம்மாவிடம் மட்டும் சொல்லிப் பாருங்கள். ஆகஸ்ட் பிறந்தால் பஃபின் கடலுக்குப் போய்விடும், ஜூலை கடைசி என்றால் பிடித்துவிடலாம். காது மூடும் கம்பளித் தொப்பி ஒன்று, காற்று புகாத ஜாக்கெட் ஒன்று.

தேன்சிட்டு:
சொன்னேன். இரண்டு தொப்பி வாங்கச் சொல்கிறார். இரண்டாவது யாருக்கு என்று கணவர் இன்னும் கேட்கவில்லை.