தட்டுவடை செட்டும் கோதுமையும்: சேலத்தில் குளூட்டன் தவிர்ப்பவர்களின் அனுபவங்கள்

அம்மாபேட்டை அம்மா:
கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் என்று உறுதியான பிறகு என் மகளுக்குச் சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா அனைத்தையும் நிறுத்திவிட்டோம். அந்தக் கதை இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் சேலத்தில் மாலையில் தெருவில் இறங்கினால் தட்டுவடை செட் கண்ணில் படாமல் இருக்காது. அரிசி மாவுப் பண்டம்தானே என்று வழக்கமாக வாங்கும் தள்ளுவண்டிக்கு அவளை அழைத்துச் சென்றேன். மைதா கலப்பீர்களா என்று கேட்டதும், "சுத்தமான அரிசி மாவுங்க, பாருங்க" என்று அவர் ஒரு தட்டையை உடைத்தே காட்டினார். பெருங்காயத்தைப் பற்றிக் கேட்டபோது, தட்டை சுடும் மனைவிக்குப் போன் செய்து, டப்பாவைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், சேர்மானப் பட்டியலில் பிசினும் கோதுமை மாவும் இருந்தன. அதற்குள் பீட்ரூட்டும் வெங்காயமும் குவித்த தட்டு என் மகளின் கையில் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் அதை என்னிடம் நீட்டினாள். "இத்தன வருசமா இது தெரியாதுங்களே" என்று திகைத்த அந்த மனிதர் காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு குறையும் இல்லாத பண்டத்தின் மீது அவருக்கே சந்தேகம் வரச் செய்துவிட்டோமே என்பது இன்னும் உறுத்துகிறது.

மலைச்சாரல்:
நான் ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலையில் இருப்பவன். சேர்வராயன் மலையின் உட்பகுதியில், உடன் வேலை செய்யும், மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடியைச் சேர்ந்த நண்பரின் வீட்டிற்கு விருந்துக்குச் சென்றிருந்தேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினார்கள். நோய் தெரிந்த பிறகு வெளியிடத்தில் எதையும் விசாரிக்காமல் வயிறு நிறைய உண்டது அன்றுதான். கிளம்பும் வேளையில் நண்பரின் பாட்டி, கடையில் வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, தட்டில் வட்டமாக அடுக்கிக்கொண்டு வந்தார். தங்கள் வீட்டுச் சாமையை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. விருந்தாளிக்குரிய மரியாதை அந்தப் பிஸ்கட்டில்தான் இருந்தது. நான் வேண்டாமென்றதும், "எங்க ஊட்டுல திங்க மாட்டீங்களா சாமி?" என்று கேட்டார். குடல் நோய் என்று எவ்வளவு விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை.

செவ்வாய்ப்பேட்டைவாசி:
அம்மாபேட்டை அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு கிலோ மாவுக்கு ஒரு சிட்டிகை பெருங்காயம். அதில் கோதுமை எத்தனை துணுக்கு இருந்துவிடப் போகிறது? என் தம்பிக்கும் இதே நோய்தான். ஹோட்டல் சாம்பாரைத் தாராளமாக ஊற்றிக்கொள்கிறான். ஒரு தொந்தரவும் இல்லை. குழந்தையை இவ்வளவு பயமுறுத்தி வளர்த்தால் அவள் கல்யாண வீட்டில் கை நனைக்கவே அஞ்சுவாள்.

நெத்திமேடு:
செவ்வாய்ப்பேட்டையார் சொல்வதை ஏற்க முடியாது. வயிறு வலிக்கவில்லை என்பதால் குடலுறிஞ்சிகள் (சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற நீட்சிகள்) நலமாக இருப்பதாகப் பொருளில்லை. அறிகுறியே இல்லாமலும் அவை சிதையக்கூடும். குளூட்டன் இல்லை என்று அச்சிட்டு விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. சிட்டிகைக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பது இதிலிருந்தே விளங்கும். தம்பிக்கு இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்து பாருங்கள்.

என் அனுபவம் சிறியது. ஆடித் திருவிழாவின்போது கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் ஊற்றிய கேழ்வரகுக் கூழை நான் நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நின்ற உறவுக்காரர், "உனக்குத்தான் தானியமே ஆகாதே" என்று சொம்பைப் பிடுங்க வந்தார். கோதுமை, பார்லி, ரை ஆகியவைதான் நமக்குப் பகை. கம்பு, கேழ்வரகு, சாமை, தினை, நம் ஊர் ஜவ்வரிசி எதுவும் பகையில்லை.

கேட்காமலே சொல்கிறேன்: மாவு மில்லைக் கவனியுங்கள். கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அடுத்ததாக உங்கள் கேழ்வரகைக் கொட்டினால், வீட்டில் எத்தனை கட்டுப்பாடு இருந்தும் பயனில்லை. ஆகவே சிறிய அளவில் வீட்டு மிக்சியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்வது நல்லது. ஹோட்டலில் தோசை கேட்குமுன், அதே கல்லில் பரோட்டா போடுகிறார்களா என்று எட்டிப் பாருங்கள். இட்லியில் அந்தச் சிக்கல் இல்லை. சோயா சாஸிலும் மால்ட் பானங்களிலும் பெரும்பாலும் கோதுமையோ பார்லியோ இருக்கும். வீட்டில் வேறு யாருக்காவது சந்தேகம் இருந்தால், பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் எடுத்தால் நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும்.

அம்மாபேட்டை அம்மா:
மில் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. செவ்வாய்ப்பேட்டை அண்ணா, கல்யாண வீட்டில் அவள் வெறும் சோறும் தயிரும் அப்பளமும் வாங்கிக்கொள்கிறாள்; அப்பளத்தில் பெருங்காயம் உண்டா என்று பரிமாறுபவரை விசாரிப்பதும் அவள்தான். அரிசி மாவு கலந்த பெருங்காயம் சேலத்தில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், ஒரு டப்பாவை அந்தத் தட்டுவடைக்காரருக்கும் வாங்கிக் கொடுப்பேன்.