4கே வீடியோ: ஒலி சரியாக வருகிறது, படம் மட்டும் திக்குகிறது

கேள்வி:
கேமராவிலிருந்து கணினிக்கு மாற்றிய 4கே வீடியோக்களை விஎல்சி பிளேயரில் ஓட்டினால் ஒலி தடையில்லாமல் வருகிறது, படம் விட்டுவிட்டு நகர்கிறது. நடுநடுவே பச்சைக் கட்டங்கள் வேறு. 1080பி வீடியோக்களில் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் 10, ஆறாம் தலைமுறை ஐ5, தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிளேயரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியும் பார்த்தாயிற்று.

பதில் 1:
நல்ல கோடெக் பேக் (பல வகை வீடியோக்களை ஓட்ட உதவும் மென்பொருள் தொகுப்பு) ஒன்றைப் போடுங்கள், சரியாகிவிடும்.

பதில் 2:
அது வேண்டாம். விஎல்சி தனக்கு வேண்டிய டிகோடர்களை (சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டுபவை) தன்னோடே வைத்திருக்கிறது, வெளியே நிறுவும் பேக்கை அது சீண்டுவதே இல்லை. (எந்தக் கோளாறுக்கும் இந்த ஒரே மருந்தைச் சொல்வதை எப்போது விடப்போகிறோமோ!) வீடியோ ஓடும்போது கன்ட்ரோல் + ஜே அழுத்தி, அதில் வருவதை இங்கே போடுங்கள். அப்புறம், ஃபைல் பென் டிரைவில் இருக்கிறதா? 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வீடியோ என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட் படித்தாக வேண்டும், மெதுவான பென் டிரைவுக்கு அது முடியாது.

கேட்டவர்:
எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது. ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் முறை), 3840x2160, 59.94 ஃபிரேம், 10 பிட்.

பதில் 2:
அந்த 10 பிட்தான் (வண்ணத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பதன் அளவு) சிக்கல். உங்கள் தலைமுறை இன்டெல் சிப் 8 பிட் ஹெச்இவிசியை வன்பொருளிலேயே விரித்துவிடும். 10 பிட்டுக்கு முழு ஆதரவு ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஒலியை விரிப்பது சின்ன வேலை, அது பாட்டுக்கு ஓடும். படம் பின்தங்கினால், ஒலியோடு சேர்ந்து போவதற்காகப் பிளேயர் தாமதமான ஃபிரேம்களை விட்டுவிடும். திக்கலாகத் தெரிவது அதுதான்.

பச்சைக் கட்டத்துக்கு: டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் போய் ஹார்ட்வேர் டிகோடிங்கை டிசேபிள் செய்து, சேமித்து, வீடியோவை மறுபடி திறந்து பாருங்கள்.

கேட்டவர்:
பச்சை போய்விட்டது. திக்கல் அப்படியே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 100% காட்டுகிறது.

பதில் 2:
எதிர்பார்த்ததுதான். இப்போது மொத்தச் சுமையும் சிபியு தலையில். இனி எந்த செட்டிங்கை மாற்றினாலும் பெரிதாகப் பலன் இருக்காது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 1080பி, ஹெச்.264 (ஹெச்இவிசிக்கு முந்தைய சுருக்க முறை) என்று மாற்றி, பார்ப்பதற்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தை அழிக்க வேண்டாம். அங்கே ஹெச்.264 10 பிட் என்றும் ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள், அதற்கும் பெரும்பாலான சிப்களில் வன்பொருள் உதவி இல்லை. மாற்றி முடித்ததும் ஹார்ட்வேர் டிகோடிங்கைப் பழையபடி ஆட்டோமேட்டிக்கில் வைத்துவிடுங்கள்.

பதில் 3:
கேமராவில் 8 பிட் தெரிவு இருந்தால், அடுத்த முறை அதிலேயே எடுங்கள். வண்ணத்தைத் திருத்தப் போவதில்லை என்றால் 10 பிட் அவசியமில்லை.